பழைய லாரி எஞ்சின் சீரமைப்பில் வால்வுத் தொடர் பாகங்களைத் தேர்ந்தெடுத்தல்

வால்வுத் தொடர் என்பது எஞ்சினுக்குள் காற்று நுழையும் வழியையும் புகை வெளியேறும் வழியையும் உரிய நேரத்தில் திறந்து மூடும் பாகங்களின் வரிசை. கேம் ஷாஃப்ட், டேப்பட், புஷ் ராடு, ராக்கர், ஸ்பிரிங், லாக், வால்வு, கைடு, சீட் ஆகியவை இதில் அடங்கும். பழைய லாரி எஞ்சினை இறக்கி முழுமையாகச் சீரமைக்கும்போது, பிஸ்டனுக்கும் லைனருக்கும் கிடைக்கும் கவனம் இந்த வரிசைக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆனால் ஓடும் எஞ்சினில் ஒரு வால்வு கழன்று சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டன், ஹெட், லைனர் ஆகிய மூன்றும் சேர்ந்தே கெடும். ஒற்றை லாரியை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது பல மாத வருமானத்தின் இழப்பு.

இக்கட்டுரை கன்னியாகுமரி மாவட்டத்துச் சாலைகளில் ஓடிய, இன்றும் சில இடங்களில் ஓடுகின்ற பழைய டீசல் லாரி எஞ்சின்களை முன்வைத்து, வால்வுத் தொடர் பாகங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை விளக்குகிறது. இதன் அடிப்படை விதி ஒன்றே: வால்வுத் தொடரில் எந்தப் பாகமும் தனியாகத் தேய்வதில்லை, ஆகவே எந்தப் பாகத்தையும் தனியாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அளந்து பார்த்து, இணை இணையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சொற்கள்

கலைச்சொல் அகராதிகளில் வால்வை ஓரதர் என்றும் கேம் ஷாஃப்டை நெம்புருள் தண்டு என்றும் காணலாம். பட்டறையிலோ உதிரிபாகக் கடையிலோ இச்சொற்களைச் சொல்லிப் பாகம் வாங்க முடியாது. எனவே இக்கட்டுரையில் பட்டறை வழக்கே பின்பற்றப்படுகிறது. காற்று நுழையும் வால்வு இன்லெட் என்றும், புகை வெளியேறும் வால்வு எக்ஸாஸ்ட் என்றும் குறிக்கப்படும்.

இயங்கும் முறை

நாஞ்சில் நாடு குளங்களின் நாடு. குளத்து மடையை உரிய நேரத்தில் திறந்து, உரிய நேரத்தில் இறுக மூடினால்தான் வயலுக்கு நீர் முறையாகப் பாயும். மடைப்பலகை சரியாக உட்காராவிட்டால் குளம் நிறைந்திருந்தும் நீர் கசிந்து வீணாகும். வால்வும் அப்படித்தான். சீட்டில் அது சரியாக உட்காராவிட்டால் அழுத்தம் கசியும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை அழுத்திச் சூடேற்றுவதால்தான் எரிபொருள் பற்றுகிறது. அழுத்தம் கசிந்தால் எஞ்சின் கிளம்பத் தயங்கும், புகையும், இழுவை குறையும்.

கேம் ஷாஃப்ட் கிராங்க் ஷாஃப்டின் பாதி வேகத்தில் சுழல்கிறது. அதன் மேடு டேப்பட்டைத் தூக்குகிறது. டேப்பட் புஷ் ராடைத் தள்ளுகிறது. புஷ் ராடு ராக்கரின் ஒரு முனையை உயர்த்துகிறது. கிணற்றுத் துலாவின் ஒரு முனை உயர்ந்தால் மறுமுனை தாழ்வதுபோல, ராக்கரின் மறுமுனை தாழ்ந்து வால்வைக் கீழே அழுத்தித் திறக்கிறது. மேடு கடந்ததும் ஸ்பிரிங் வால்வை மேலே இழுத்து மூடுகிறது. திறப்பது கேமின் வேலை. மூடுவது ஸ்பிரிங்கின் வேலை.

எஞ்சின் நிமிடத்துக்கு 1800 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 900 முறை திறந்து மூடும். எட்டு மணி நேர ஓட்டத்தில் அது 4,32,000 முறை. ஒரு பாகத்தில் உள்ள சிறு குறை ஒரு நாளில் நான்கு லட்சம் முறைக்கு மேல் தன் இணைப் பாகத்தைத் தேய்க்கிறது என்பதே இந்தக் கணக்கு சொல்லும் செய்தி.

இப்பகுதியில் ஓடிய எஞ்சின்கள்

தென் திருவிதாங்கூரில் டீசல் எஞ்சினின் வரலாறு பேருந்துகளோடு தொடர்புடையது. திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறை 1938 பிப்ரவரியில் தொடங்கியபோது, இங்கிலாந்திலிருந்து தருவித்த காமர் அடிச்சட்டங்களில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் சாலை அத்துறையின் தொடக்ககால வழித்தடங்களுள் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று இப்பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது.

அதே காலகட்டத்தில் இந்தியாவிலேயே லாரி உற்பத்தி வேரூன்றியது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்துடன் கைகோத்து 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. டாடாவின் டெல்கோ நிறுவனம் 1954-இல் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸுடன் இணைந்து லாரி உற்பத்தியைத் தொடங்கியது. 1969 வரை நீடித்த அந்த ஒப்பந்தத்தின் நினைவாகவே பழைய டாடா லாரியை இன்றும் பலர் "டாடா பென்ஸ்" என்கிறார்கள். சென்னை சிம்ப்சன் நிறுவனம் பெர்கின்ஸ் வகை டீசல் எஞ்சின்களை இங்கே தயாரித்தது.

இந்த மூன்று மரபு எஞ்சின்களுக்கும் பொதுவான அமைப்பு உண்டு: கேம் ஷாஃப்ட் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும், வால்வுகள் மேலே ஹெட்டில் இருக்கும், இடையில் புஷ் ராடு இருக்கும். ஆகவே கீழே சொல்லப்படும் முறைகள் மூன்றுக்கும் பொருந்தும். அளவுகள் மட்டும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும்.

முதல் வேலை: எஞ்சினை அடையாளம் காணல்

வண்டியின் பெயரைச் சொல்லிப் பாகம் வாங்கக் கூடாது. எஞ்சினின் வகையையும் எண்ணையும் சொல்லி வாங்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினுடன் வந்த பழைய லாரிகள் பலவற்றில் பின்னாளில் டீசல் எஞ்சின் மாற்றிப் பொருத்தப்பட்டது. முகப்பில் ஒரு பெயரும் உள்ளே வேறொரு எஞ்சினும் இருப்பது அரிதல்ல.

எஞ்சின் பெயரில் உள்ள எண்ணைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு முறையில் எண் இட்டுள்ளது:

• டாடா 692: 6 சிலிண்டர், 92 மி.மீ. உள்விட்டம்.
• டாடா 697: 6 சிலிண்டர், 97 மி.மீ. உள்விட்டம். இது டெய்ம்லர்-பென்ஸ் மரபில் வந்த 5.675 லிட்டர் எஞ்சின்.
• லேலண்ட் 370, 400: இவை கன அங்குலக் கொள்ளளவைக் குறிக்கும். 370 என்பது ஏறக்குறைய 6.06 லிட்டர், 400 என்பது ஏறக்குறைய 6.55 லிட்டர்.
• பெர்கின்ஸ் 6.354: 6 சிலிண்டர், 354 கன அங்குலம்; அதாவது 5.8 லிட்டர்.

692-க்கும் 697-க்கும் வெளித்தோற்றத்தில் உள்ள ஒற்றுமையை நம்பி "டாடா வால்வு" என்று மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. ஒரே வகை எஞ்சினிலும் உற்பத்தி ஆண்டைப் பொறுத்து வால்வுத் தண்டின் விட்டமோ லாக் பள்ளத்தின் வடிவமோ மாறியிருக்கலாம். கழற்றிய பழைய வால்வைக் கடைக்குக் கையோடு கொண்டு போய், புதியதன் அருகில் வைத்து மொத்த நீளம், தண்டின் விட்டம், தலையின் விட்டம், சாய்வுக் கோணம், லாக் பள்ளம் ஆகிய ஐந்தையும் ஒப்பிடுவதே பாதுகாப்பான வழி.

கழற்றும்போதே குறித்தல்

தேர்வு கடையில் தொடங்குவதில்லை. கழற்றும் மேசையில் தொடங்குகிறது. ஒரு பலகையில் 12 துளைகள் இட்டு எண் எழுதி, ஒவ்வொரு வால்வையும் அதன் புஷ் ராடு, டேப்பட் ஆகியவற்றோடு வரிசையாக வைக்க வேண்டும். மீண்டும் பயன்படுத்தக்கூடிய பாகம் தான் இருந்த இடத்துக்கே திரும்பிச் செல்ல வேண்டும். பழைய டேப்பட் தன் கேம் மேட்டோடு சேர்ந்தே தேய்ந்திருக்கும். இடம் மாற்றினால் இரண்டும் விரைவில் கெடும். எல்லாவற்றையும் ஒரே தகர டப்பாவில் மண்ணெண்ணெயில் கொட்டிக் கழுவும் பழக்கம், மறுபயன்பாட்டுக்கான வாய்ப்பை அந்த நிமிடமே அழித்துவிடுகிறது.

கழற்றிய பாகங்கள் எஞ்சினின் நோயையும் சொல்லும். ஒரே ஒரு எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் எரிந்திருந்தால் அதன் இடைவெளி குறைவாக இருந்ததா, சீட் கோணியிருந்ததா என்று பார்க்க வேண்டும். இன்லெட் வால்வுத் தண்டுகள் அனைத்தும் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். காரணத்தைச் சரிசெய்யாமல் பாகத்தை மாற்றினால் புதிய பாகமும் அதே வழியில் போகும்.

வால்வு

இன்லெட் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே உலோகமல்ல. இன்லெட் வால்வைக் குளிர்ந்த காற்று தணிக்கிறது. பொதுவாகச் சிலிக்கான், குரோமியம் கலந்த எஃகு அதற்குப் போதும். எக்ஸாஸ்ட் வால்வு எரிந்த வாயுவின் நடுவில் நிற்கிறது. அதற்கு 21-4 என் எனப்படும், 21 விழுக்காடு குரோமியமும் 4 விழுக்காடு நிக்கலும் மாங்கனீசும் நைட்ரஜனும் கலந்த வெப்பந்தாங்கு எஃகு பரவலாகப் பயன்படுகிறது. கடும் உழைப்புக்கான வால்வுகளில் சீட்டைத் தொடும் விளிம்பில் கோபால்ட் கலவையான ஸ்டெல்லைட் பூசப்பட்டிருக்கும்.

கடையிலேயே செய்யக்கூடிய ஓர் எளிய சோதனை காந்தம். சிலிக்கான்-குரோமிய எஃகைக் காந்தம் இழுக்கும். 21-4 என் வகையை இழுக்காது. இரண்டு உலோகங்களைப் பற்றவைத்துச் செய்த எக்ஸாஸ்ட் வால்வில் தலைப்பகுதி காந்தத்தில் ஒட்டாது, தண்டின் மேல்பகுதி ஒட்டும். மூல வால்வின் தலை காந்தத்தில் ஒட்டாமல், புதிதாக வாங்கும் வால்வின் தலை ஒட்டினால் அது தாழ்ந்த உலோகம் என்று சந்தேகிக்க இடமுண்டு. ஆனால் மிகப் பழைய சில எஞ்சின்களில் மூல எக்ஸாஸ்ட் வால்வே காந்தத்தில் ஒட்டும் வகையாக இருக்கலாம். ஆகவே ஒப்பீடு எப்போதும் மூல வால்வோடு செய்யப்பட வேண்டும்.

பழைய வால்வை மீண்டும் பயன்படுத்த நினைத்தால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது தண்டு: மைக்ரோமீட்டரால் மேல், நடு, கீழ் மூன்றிலும் அளக்க வேண்டும். இரண்டாவது விளிம்பு: சாய்வு முகத்தைக் கிரைண்டிங் செய்யச் செய்ய விளிம்பின் தடிப்பு குறையும், கத்திபோல் கூராகிவிட்ட விளிம்பு எளிதில் சூடேறி எரியும். மூன்றாவது லாக் பள்ளம்: அங்கே தேய்மானமோ கீறலோ இருந்தால் அந்த வால்வு கழிவுதான், மறுபேச்சுக்கு இடமில்லை.

இந்தியாவில் வால்வு உற்பத்திக்கு நீண்ட மரபு உண்டு. சென்னையில் 1959-இல் தொடங்கிய எஞ்சின் வால்வ்ஸ் நிறுவனம் பின்னர் ரானே எஞ்சின் வால்வ் என்ற பெயரில் அறியப்பட்டது. எனவே வெளிநாட்டு மூல வால்வு கிடைக்கவில்லை என்பதற்காக, பெயர் தெரியாத பெட்டியில் வரும் வால்வை வாங்க வேண்டிய நிலை பெரும்பாலும் இல்லை.

கைடும் சீட்டும்

கைடு வால்வை நேராக ஓடச் செய்கிறது. சீட் வால்வின் சூட்டை ஹெட்டுக்குக் கடத்துகிறது. வால்வுத் தலையின் வெப்பத்தில் பெரும்பகுதி மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாகவும், எஞ்சியது தண்டு வழியாகக் கைடுக்கும் போகிறது. இவ்விரண்டில் எது கெட்டாலும் வால்வு சூடேறும்.

புதிய வால்வைத் தேய்ந்த கைடில் போடுவது பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் வீண்செலவு. வால்வு ஆடிக்கொண்டே இறங்கும். ஒவ்வொரு முறையும் சீட்டில் வேறு இடத்தில் உட்காரும். சில ஆயிரம் கிலோமீட்டரில் மீண்டும் கசியும். புதிய வால்வைக் கைடில் விட்டு, அனுமதிக்கப்பட்ட இடைவெளிக்குள் உள்ளதா என்று அளந்த பிறகே பழைய கைடை விட்டுவைக்கலாம்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் கைடு, அடுத்து சீட், கடைசியில் வால்வு அரைத்தல். கைடை மாற்றினால் மையம் சற்று நகரும். அதனால் சீட்டைக் கைடின் மையத்திலிருந்து மீண்டும் வெட்ட வேண்டும். சீட் வெட்டிய பிறகு கைடு மாற்றினால் முன்செய்த வேலை வீணாகும்.

சீட்டின் அகலத்துக்கும் அளவு உண்டு. மிகக் குறுகலாக இருந்தால் சூடு கடத்த வழியில்லை. மிக அகலமாக இருந்தால் கரி சிக்கி வால்வு இறுக மூடாது. சீட்டின் ஆழமும் பார்க்கப்பட வேண்டும். பலமுறை வெட்டிய ஹெட்டில் வால்வு ஆழத்தில் புதைந்திருக்கும், அழுத்தம் குறையும். மாறாக, ஹெட்டின் முகத்தை இழைத்துவிட்டு வால்வின் ஆழத்தைச் சரிபார்க்காவிட்டால் வால்வு பிஸ்டனைத் தொடக்கூடும். நேரடி ஊசித்தெளிப்பு டீசல் எஞ்சின்களில் பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் இடையில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவே இடமிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

மூல எஞ்சினில் வால்வுத் தண்டுக்கு எண்ணெய் சீல் இல்லையென்றால், புகையைக் குறைக்க எண்ணிப் புதிதாகச் சீல் போடக் கூடாது. அந்தக் கைடு கசியும் எண்ணெயை நம்பியே வடிவமைக்கப்பட்டது; சீல் அதைத் தடுத்தால் தண்டு வறண்டு பிடித்துக்கொள்ளும்.

ஸ்பிரிங்

வால்வுத் தொடரில் மலிவானவற்றுள் ஒன்று ஸ்பிரிங். ஆனால் அதன் தோல்வி மலிவானதல்ல. அதைச் சோதிக்க மூன்று அளவுகள் உண்டு: சும்மா நிற்கும்போது உள்ள நீளம், நேர்நிலை, பொருத்திய உயரத்தில் அது தரும் விசை. முதல் இரண்டையும் ஸ்கேலும் மூலைமட்டமும் கொண்டு பார்க்கலாம். மூன்றாவதற்கு ஸ்பிரிங் சோதனைக் கருவி வேண்டும். நீளம் சரியாக இருந்தும் விசை குறைந்திருக்கலாம் என்பதால் மூன்றாவது சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

கடற்கரை மாவட்டமான இங்கே இன்னொரு சோதனையும் தேவை. உப்புக்காற்றும், தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவ மழையும் உள்ள ஊரில் பல ஆண்டுகள் கடை அலமாரியில் கிடந்த ஸ்பிரிங்கில் நுண்ணிய துருப்புள்ளிகள் இருக்கலாம். ஸ்பிரிங் முறிவு அத்தகைய புள்ளியிலிருந்தே தொடங்குகிறது. துருவைத் தேய்த்து நீக்கினாலும் பள்ளம் நிற்கும். ஆகவே "புதிது, பெட்டி பிரிக்காதது" என்பது மட்டும் போதாது. எண்ணெய்ப் பூச்சு உலராமல், புள்ளி இல்லாமல் இருக்க வேண்டும்.

இன்னும் கடினமான ஸ்பிரிங் போட்டால் நல்லது என்ற எண்ணமும் தவறு. பந்தய வண்டிப் பெட்ரோல் எஞ்சின்களுக்கான அறிவுரை அது. டீசல் லாரி எஞ்சினின் உச்ச வேகத்தை கவர்னர் கட்டுப்படுத்துகிறது. தேவைக்கு மேற்பட்ட விசை கேமையும் டேப்பட்டையும் ராக்கரையும் வீணாகத் தேய்க்கும்.

தளர்ந்த ஸ்பிரிங்கின் ஆபத்து மலை இறக்கத்தில் வெளிப்படும். கவர்னர் எரிபொருளை மட்டுமே குறைக்க முடியும். வண்டியின் எடை சக்கரங்கள் வழியாக எஞ்சினைச் சுழற்றினால் அதைத் தடுக்க அதற்கு வழியில்லை. ரப்பர் தடி ஏற்றிய லாரி கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கத்து எஸ்டேட் சாலையில் சிறு கியரில் இறங்கும்போது, 2800 சுற்றுக்கு வடிவமைத்த எஞ்சின் 3400 சுற்றுக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். வால்வின் சடத்துவ விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். அதாவது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். தளர்ந்த ஸ்பிரிங்கால் வால்வை உரிய நேரத்தில் மூட முடியாது. மூடாத வால்வை மேலே வரும் பிஸ்டன் அடிக்கும். எஞ்சின் பிடிப்பே முக்கியத் துணையாக இருக்கும் இறக்கத்தில் எஞ்சின் உடைவது, பணத்தோடு முடிகிற விஷயமல்ல.

இரட்டை ஸ்பிரிங் உள்ள எஞ்சின்களில் உள் சுருளும் வெளிச் சுருளும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டிருக்க வேண்டும். ஒரே திசையில் இருந்தால் ஒன்றன் சுருள் மற்றதன் இடைவெளிக்குள் சிக்கும். உள்ளதை ஒரு கடையிலும் வெளியதை மற்றொரு கடையிலும் வாங்கும்போது இந்தத் தவறு நேர்கிறது.

லாக்

ஸ்பிரிங் தட்டை வால்வுத் தண்டோடு பிணைக்கும் இரண்டு அரைத்துண்டுகளே லாக். வால்வு சிலிண்டருக்குள் விழாமல் தாங்குவது இந்தச் சிறு துண்டுகள்தான். இவற்றை ஜோடி மாற்றக் கூடாது. பழைய ஒன்றையும் புதிய ஒன்றையும் சேர்க்கக் கூடாது. வேறு எஞ்சினின் லாக்கை "பொருந்துகிறது" என்று போடக் கூடாது. பொருத்திய பின் இரண்டு துண்டுகளும் ஒரே உயரத்தில், இடையில் இருபுறமும் சமமான இடைவெளியோடு நிற்க வேண்டும். வால்வு புதிதென்றால் லாக்கும் புதிதாக இருப்பதே நல்லது. மொத்தச் செலவில் இது கண்ணுக்குத் தெரியாத தொகை.

கேமும் டேப்பட்டும்

இந்த இணைதான் மிகக் கவனமான தேர்வைக் கேட்பது. இரண்டும் மிகச் சிறிய பரப்பில், மிகுந்த அழுத்தத்தில் ஒன்றையொன்று உரசுகின்றன.

டேப்பட்டின் அடிமுகம் பார்வைக்குத் தட்டையாக இருந்தாலும் பல எஞ்சின்களில் அது மிக மெல்லக் குவிந்திருக்கும். கேமும் சற்றே சாய்ந்தோ விலகியோ இருக்கும். இதனால் டேப்பட் ஒவ்வொரு தூக்கிலும் சிறிது சுழன்று, தேய்மானத்தை முகம் முழுவதும் பகிர்கிறது. முகத்தின்மேல் ஸ்கேலின் விளிம்பை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஒளி தெரிந்தால் முகம் குழிந்துவிட்டது. அந்த டேப்பட் சுழலாது. சிறு குழிகளோ உதிர்ந்த தடங்களோ இருந்தாலும் கழிக்க வேண்டும்.

கேம் மேடுகளை மைக்ரோமீட்டரால் அளந்து, ஆறு இன்லெட் மேடுகளை ஒன்றோடொன்றும், ஆறு எக்ஸாஸ்ட் மேடுகளை ஒன்றோடொன்றும் ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த சிலிண்டருக்கு மட்டும் காற்றோ வெளியேற்றமோ குறைந்திருக்கிறது என்று பொருள்.

பின்பற்ற வேண்டிய விதிகள்:

• புதிய கேமுக்குப் பழைய டேப்பட் ஒருபோதும் கூடாது.
• பழைய கேமும் பழைய டேப்பட்டும் நல்ல நிலையில் இருந்தால் அதனதன் இடத்திலேயே தொடரலாம்.
• கேம், டேப்பட் இரண்டின் உலோகமும் ஒன்றுக்கொன்று ஏற்றதாக இருக்க வேண்டும். வார்ப்பிரும்பு டேப்பட்டுக்கு ஒரு வகைக் கேம், எஃகு டேப்பட்டுக்கு வேறு வகை. முடிந்தவரை இரண்டையும் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து வாங்குவது நலம்.
• பழைய கேமை மறு கிரைண்டிங் செய்தால் கடினப்படுத்திய மேற்பரப்பு போய்விடக்கூடும். கேமின் அடிவட்டமும் சிறுக்கும். அளந்து, கடினத்தன்மையைச் சோதித்துத் தரும் பட்டறையில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

புஷ் ராடும் ராக்கரும்

புஷ் ராடைத் தடித்த கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்தக் கூடாது, மாற்ற வேண்டும். இரு முனைகளிலும் உள்ள குமிழும் கிண்ணமும் தேய்ந்திருக்கிறதா, எல்லாம் ஒரே நீளமா என்றும் பார்க்க வேண்டும்.

ராக்கரின் முனையில் வால்வு தட்டித் தட்டி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். இந்தப் பள்ளம் அளவுகோலை ஏமாற்றும். ஃபீலர் கேஜின் தட்டையான தகடு பள்ளத்தின் மேல் பாலம்போல் நிற்கும், தகட்டில் 0.30 மி.மீ. என்று காட்டும்போது உண்மை இடைவெளி அதைவிடக் கூடுதலாக இருக்கும். "எத்தனை முறை டேப்பட் சரிசெய்தாலும் சத்தம் போகவில்லை" என்ற புகாருக்கு இது ஒரு பொதுவான காரணம்.

ராக்கர் ஷாஃப்டின் தேய்மானம் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும். ஒரு பக்கம் புஷ் ராடும் மறுபக்கம் வால்வு ஸ்பிரிங்கும் ராக்கரை மேலே தள்ளுவதே காரணம். மேலே பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவுசெய்யக் கூடாது. ஷாஃப்டின் உள்ளே உள்ள எண்ணெய் வழியைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்வதும், புதிய புஷ்ஷின் எண்ணெய்த் துளை ராக்கரின் துளையோடு நேராக வருவதும் இன்றியமையாதவை.

எது புதிது, எது பழையது

எல்லாவற்றையும் புதிதாக மாற்றுவதற்குப் பணம் இருந்தால் கேள்வியே இல்லை. பெரும்பாலான உரிமையாளர்களுக்கு அது இயலாது. அப்போது செலவைக் கீழ்க்காணும் வரிசையில் வைக்கலாம்.

1. கட்டாயம் புதிதாக வேண்டியவை: எக்ஸாஸ்ட் வால்வுகள், எல்லா ஸ்பிரிங்குகள், எல்லா லாக்குகள். இவை வெப்பத்தாலும் ஓயாத உழைப்பாலும் உள்ளே சோர்வடைபவை. அந்தச் சோர்வு கண்ணுக்குத் தெரியாது.
2. அளந்து முடிவுசெய்ய வேண்டியவை: இன்லெட் வால்வுகள், கைடுகள், கேம், டேப்பட்டுகள், ராக்கர் ஷாஃப்ட். இவற்றின் தேய்மானத்தை மைக்ரோமீட்டர் காட்டிவிடும்.
3. பெரும்பாலும் தொடரக்கூடியவை: புஷ் ராடுகள், ராக்கர் உடல், ஸ்பிரிங் தட்டுகள். விரிசலும் வளைவும் இல்லையென்றால் போதும்.

மிச்சம் பிடிக்க வேண்டுமானால் மூன்றாவது பட்டியலில் பிடிக்கலாம். முதல் பட்டியலில் பிடிக்கக் கூடாது. ஒரு பாகத்தில் மிச்சப்படுத்திய தொகையை, அது தோற்றால் ஹெட்டை மீண்டும் இறக்கி ஏற்றும் கூலியோடும், வண்டி ஓடாத நாட்களோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பொருத்திய பின்

அரைத்த வால்வு மூடுகிறதா என்பதை எளிதாகச் சோதிக்கலாம். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் விட வேண்டும். துவாரங்களின் உள்ளே ஈரம் கசிந்தால் மீண்டும் அரைக்க வேண்டும். அரைக்கும் பசை ஒரு துளிகூட எஞ்சாமல் கழுவுவது அவசியம். எஞ்சிய பசை கைடையும் அரைத்துவிடும்.

ஹெட்டை ஏற்றியபின் ஸ்டார்ட்டரைத் தொடுவதற்கு முன், எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்காவது தடை தெரிந்தால் வலிந்து சுற்றாமல் நிறுத்தி, டைமிங் கியர் குறிகளைச் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது வால்வு இடைவெளி. டாடா 697-இன் மூலமான பென்ஸ் எஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில் இன்லெட்டுக்கு 0.20 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 0.30 மி.மீ. என்பது வழக்கமான அளவு. மற்ற எஞ்சின்களுக்கு அதனதன் கையேட்டைப் பார்க்க வேண்டும்; சூடான நிலை அளவா, குளிர்ந்த நிலை அளவா என்பதையும் கவனிக்க வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு அதிகச் சூடாகி அதிகம் நீள்வதால்தான் அதற்குக் கூடுதல் இடைவெளி. இடைவெளி குறைந்தால் சத்தம் இருக்காது. ஆனால் வால்வு முழுமையாக மூடாமல் எரியும். சிறிது சத்தமிடும் டேப்பட்டைவிட, சத்தமே இல்லாத இறுகிய டேப்பட் ஆபத்தானது.

ஆறு சிலிண்டர் எஞ்சினில் எந்த நேரத்தில் எதைச் சரிசெய்வது என்பதற்கு நினைவில் நிற்கும் ஒரு கணக்கு உண்டு. எரியும் வரிசை 1-5-3-6-2-4 என்றால் இணைகள் 1-6, 5-2, 3-4. ஒவ்வொரு இணையின் கூட்டுத்தொகையும் 7. ஒரு சிலிண்டரில் எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்லெட் திறக்கத் தொடங்கியும் இரண்டு ராக்கர்களும் ஒருசேர அசையும்போது, அந்த எண்ணை 7-இலிருந்து கழித்தால் வரும் சிலிண்டரின் இரு வால்வுகளும் மூடியிருக்கும், அதைச் சரிசெய்யலாம். 6-இல் அசைந்தால் 1. 2-இல் அசைந்தால் 5. 4-இல் அசைந்தால் 3. 1-4-2-6-3-5 வரிசை கொண்ட எஞ்சின்களிலும் இக்கணக்கு மாறாது.

முதல் முறை கிளப்புவதற்கு முன் கேம் மேடுகளிலும் டேப்பட் முகங்களிலும் பொருத்துப் பசையோ கெட்டியான எண்ணெயோ தடவியிருக்க வேண்டும். கிளப்பியதும் ராக்கர்களுக்கு எண்ணெய் ஏறுகிறதா என்று மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். புதிய கேமும் டேப்பட்டும் போட்டிருந்தால் நெடுநேரம் மிகக் குறைந்த வேகத்தில் ஓட விடக் கூடாது; கேமுக்குத் தெறிக்கும் எண்ணெய் அப்போது குறைவு. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஹெட் போல்டுகளின் இறுக்கத்தைக் கையேட்டின்படி சரிபார்த்து, வால்வு இடைவெளியை மீண்டும் ஒருமுறை அளக்க வேண்டும். ஹெட் கேஸ்கட் அமர்வதால் இடைவெளி மாறியிருக்கும். அளந்த எண்களை எல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வைத்திருந்தால், அடுத்த முறை எஞ்சினைத் திறப்பவருக்கு எந்தப் பாகம் எவ்வளவு தேய்ந்தது என்று தெரியும்.